ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் நின்றால்: மோட்டார் சைக்கிளுக்குள் தண்ணீர் புகுந்த வழியைக் கண்டுபிடித்தல்

மாரி தொடங்கி இரண்டு கிழமை ஆகமுன்னரே யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "ஒயில் வெள்ளையாய்க் கிடக்கு, எஞ்சின் கழட்டவேணுமே?" பெரும்பாலான பைக்குகளுக்குக் கழற்றத் தேவையில்லை. சிலவற்றுக்கு ஒயில்கூட மாற்றத் தேவையில்லை. ஆனால் வேறு சில, அன்றிரவே ஒயிலை வடிக்காவிட்டால் பெயரிங்கைத் தின்றுவிடும். எது எந்த வகை என்பதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியால் வந்தது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் ஒயில் போத்தலைத் திறக்க வேண்டும். வழியை அடைக்காமல் ஊற்றுகிற புது ஒயில் அடுத்த மழையோடு திரும்பவும் வெளுக்கும்.

நாங்கள் ஓடுகிற 100 முதல் 150 சீசீ வரையான கியர் பைக்குகளில் எஞ்சின், கியர்பெட்டி, கிளச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. அதனால் தண்ணீர் கலந்தால் சேதமும் மூன்றுக்கும் சேர்த்துத்தான். கியர்ப் பற்களுக்கு நடுவே தண்ணீர் கலந்த ஒயிலின் படலம் பாரம் தாங்காது. தேய்மானத்தைத் தடுக்க ஒயிலில் சேர்த்திருக்கும் மருந்தைத் தண்ணீர் சிதைத்துவிடும். கிளச் பிளேற்றின் மேற்படலம் தண்ணீரை உறிஞ்சி ஊதும். பைக் நிறுத்திக் கிடக்கும் நேரத்தில் பெயரிங் குண்டுகளில் துருப்புள்ளி விழும். ஓடுகிற நேரத்தைவிட இந்த நிற்கிற நேரம்தான் கூடுதலாகக் கெடுக்கிறது.

முதலில் செய்யவேண்டிய சோதனை: குளிர்ந்த எஞ்சினில் முதல் 50 மில்லிலீற்றர்

ஒயிலைச் சூடாக வடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாற்றுவதற்கு அது சரி. தண்ணீரைத் தேடுவதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். இரவு முழுக்க பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி வையுங்கள். ஒயிலைவிடத் தண்ணீர் பாரமானது. ஒயிலோடு கலக்காத தண்ணீர் விடியும்போது அடியில் வந்து நிற்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணாமல், ஒயில் வடிக்கும் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, முதலில் ஒழுகும் 50 மில்லிலீற்றர் அளவை ஒரு ஜாம் போத்தலில் பிடித்து, போல்ட்டை இறுக்கிவிடுங்கள். கண்ணாடிப் போத்தல்தான் நல்லது.

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் தெளிவான துளிகள் உருண்டால் தனித் தண்ணீர் இருக்கிறது. முழுவதும் பால்தேத்தண்ணி போல இருந்தால் தண்ணீர் ஒயிலோடு அடித்துக் கலந்துவிட்டது; இது ஒரு நாள் வைத்தாலும் இலகுவில் பிரியாது. எஞ்சின் ஒயிலில் உள்ள அழுக்குக் கழுவும் சேர்மானம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். பிளேன்ரீ நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக வந்தால் அடியில் தண்ணீர் இல்லை. இப்போதுதான் ஓடி நிறுத்திய பைக்கின் ஒயிலைப் பார்த்து ஏமாறவேண்டாம். காற்றுக் குமிழி நிறைந்த ஒயிலும் வெளிறித்தான் தெரியும். அது அரை மணித்தியாலத்தில் தெளிந்துவிடும், தண்ணீர் கலந்தது தெளியாது.

சந்தேகம் தீராவிட்டால் கரண்டிச் சோதனை. பழைய எவர்சில்வர் கரண்டியில் அந்த ஒயிலின் இரண்டு மூன்று துளியை விட்டு, வெளியிடத்தில், பைக்கிலிருந்து தள்ளி, மெழுகுதிரிக்கு மேலே பிடியுங்கள். கடுகு வெடிப்பதுபோலப் பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் புகைந்தால் இல்லை, அல்லது கவலைப்படும் அளவுக்கு இல்லை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், துளி தெறிக்கும். சோதனைக்கு முன் ஒயிலை மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால் நெருப்புக்குக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

மூடியிலும் அளவுக்கம்பியிலும் மட்டும் வெள்ளைக் களிம்பு

முதல் 50 மில்லிலீற்றர் தெளிவாக இருந்து, மூடிக்கு அடியில் மட்டும் தயிராடை போலப் பூசியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல. ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். அதில் பெரும்பகுதி சைலன்சரால் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் றிங்குகளைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும். ஒயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி பிறீதர் குழாயால் வெளியேறும். சூடேறாவிட்டால், எஞ்சினில் குளிரான இடம் எதுவோ அங்கே படியும். காற்றுப்படும் மூடிதான் அந்த இடம்.

வீட்டிலிருந்து திருநெல்வேலிச் சந்தை, சந்தையிலிருந்து பிள்ளையின் ரியூசன், பிறகு வீடு என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடுகிற பைக்குகளில் இது வரும். கார்த்திகை, மார்கழியில் கூடுதலாக வரும். களிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரே ஓட்டமாக 30 கிலோமீற்றர் ஓடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வல்லை வெளியால் பருத்தித்துறைக்குப் போனால் அந்தத் தூரம் வரும். மூன்றாம் நான்காம் கியரில் சீராக ஓட வேண்டும். ஒயில் 80 பாகை செல்சியசைத் தாண்டிச் சற்று நேரம் நின்றால் ஈரம் போய்விடும். மறுநாள் மூடியைத் திறந்து பாருங்கள். சுத்தமாக இருந்தால் அவ்வளவுதான்.

இதற்காக வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டில் விட்டு அரை மணித்தியாலம் ஓடவிடுவதைச் செய்யாதீர்கள். காற்றுப் படாமல் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகும், அடியில் இருக்கும் ஒயில் அந்த அளவுக்குச் சூடாகாது. எரிந்த பெற்றோலின் ஆவி மட்டும் இன்னும் சேரும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் களிம்பு திரும்பினால் பிறீதர் குழாயைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து எயார் பில்டர் பெட்டிக்குப் போகும் கறுப்புக் குழாய் அது. கழற்றி ஊதிப் பாருங்கள். உள்ளே அதே களிம்பு அடைத்திருக்கும், மடங்கியும் கிடக்கலாம். பெட்டிக்கு அடியில் நுனி மூடிய சிறு குழாய் ஒன்று தொங்கும், பல பைக்குகளில் உள்ளே இருப்பது வெளியே தெரியும். அதில் சேர்ந்திருக்கும் வெள்ளைத் தண்ணீரை மாரிகாலத்தில் மாதம் ஒருமுறை வடித்துவிடுங்கள். சேர்விசில் இதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. இப்படிக் குறைந்த தூரம் ஓடும் பைக்குக்குக் கிலோமீற்றர் கணக்கு உதவாது. மாரிக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை ஒயில் மாற்றுங்கள்.

ஒயில் முழுவதும் வெளுத்திருக்கிறது

வடித்த ஒயிலும் ஒயில் கண்ணாடியில் தெரிவதும் ஒரே வெள்ளை என்றால், ஓடி ஆவியாக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. பைக்கை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். மூன்று விடயங்களை நினைத்துப் பாருங்கள்: கடைசியாகப் பிறஷர் வோஷ் அடித்தது எப்போது, எவ்வளவு ஆழமான வெள்ளத்தால் ஓடினீர்கள், ஒயில் மூடியின் ரப்பர் வளையத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்.

பிறஷர் வோஷ்தான் நாங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகக் குற்றவாளி. ஓடி வந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் அடித்தால் எஞ்சினுக்குள் இருக்கும் காற்றுச் சுருங்கும். சுருங்கும்போது எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிளச் கேபிள் இழுக்கும் கைக்கு அடியிலுள்ள சீல், ஒயில் மூடியின் வளையம், கியர் இலக்கம் காட்டும் சுவிச், பிறீதர் குழாயின் நுனி ஆகிய நான்கும் அதற்கு வாகான இடங்கள். சூடு ஆறியபின் கழுவுங்கள். தண்ணீர்த் துப்பாக்கியை இந்த இடங்களுக்கு நேரே பிடிக்கவேண்டாம் என்று கழுவுபவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

இனிக் கழுவி எடுக்கும் முறை. ஒருமுறை வடித்து ஊற்றினால் போதாது. போல்ட்டைக் கழற்றி வடித்தாலும் ஒயில் வழிகளிலும் கிளச் கவருக்குள்ளும் 100 முதல் 200 மில்லிலீற்றர் வரை தங்கிவிடும். ஒரு லீற்றரில் 150 தங்கினால் ஏழில் ஒரு பங்கு அழுக்கு மிஞ்சுகிறது. இரண்டாம் முறையில் அது ஏறத்தாழ நாற்பத்தைந்தில் ஒன்று, மூன்றாம் முறையில் ஏறத்தாழ முந்நூற்றில் ஒன்று. அதனால்தான் மூன்று முறை.

1. குளிர்ந்தபடியே முழுவதையும் வடித்து, பைக்கை இரு பக்கமும் சாய்த்து, 20 நிமிடம் ஒழுகவிடுங்கள். வடிந்ததை அளந்து பாருங்கள். ஊற்றியதைவிட எவ்வளவு கூட இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு தண்ணீர்.

2. வலைப் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். காகிதப் பில்டர் உள்ள பைக் என்றால் அதை எறிந்துவிடுங்கள். நனைந்த காகிதத்தைக் காயவைத்துப் போட முடியாது.

3. விலை குறைந்த மினரல் ஒயில், 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50, ஜாசோ எம்.ஏ (ஒயிலில் நனைந்து ஓடும் கிளச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று போத்தலில் போட்டது, கையேடு சொல்லும் முழு அளவுக்கு ஊற்றுங்கள். காரின் ஒயில் கிளச்சை வழுக்க வைக்கலாம், கழுவுவதற்குக்கூட வேண்டாம்.

4. பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை இருபது முறை மிதியுங்கள். பிளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நடு ஸ்டாண்டிலேயே எல்லாக் கியரும் போட்டெடுத்து, கிளச்சை இருபது முறை பிடித்து விடுங்கள். பிளேற்றுகளுக்கு நடுவில் நிற்கும் தண்ணீர் அப்போதுதான் வெளியே வரும்.

5. இந்தமுறை சூடாக வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசியாகப் புது வோஷர் போட்டு போல்ட்டை இறுக்கி, அதே கழுவும் ஒயிலையே ஊற்றிவிடுங்கள். ஹொண்டா வகைச் சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு இறுக்கும் அளவு 24 நியூட்டன் மீற்றர். அலுமினியத் திரெட் என்பதால் பலமெல்லாம் காட்டக்கூடாது.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவுவது எங்கள் ஊரில் பழைய பழக்கம். ஒயில் விலையைப் பார்த்தால் ஏன் செய்கிறார்கள் என்று விளங்குகிறது. ஆனால் அந்த 150 மில்லிலீற்றர் கணக்கு மண்ணெண்ணெய்க்கும் பொருந்தும். தங்கிவிடும் மண்ணெண்ணெய் புது ஒயிலை மெலியவைக்கும். அதோடு எஞ்சினை ஓடவிட்டால் பிஸ்டனுக்கும் பெயரிங்குக்கும் படலமே இருக்காது. காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கழுவும் ஒயிலின் தரத்தில் பிடியுங்கள்.

ஹொண்டா வழிவந்த 97 சீசீ எஞ்சின்களில் இன்னொரு வேலை இருக்கிறது. வலப்பக்கக் கவருக்குள் கிராங்க் நுனியில் வட்டமான ஒயில் சுழற்றி ஒன்று உண்டு. அது சுழலும்போது ஒயிலைவிடப் பாரமானதெல்லாம் விளிம்பில் ஒதுங்கும். தண்ணீரும் சேறும் அங்கேதான் சேரும். எத்தனை முறை ஒயில் மாற்றினாலும் அது வடியாது. முழுவதும் வெளுத்த எஞ்சினில் கவரைக் கழற்றி, அந்தச் சுழற்றியைத் துடைத்து, புதுக் கஸ்கட் போட்டு மூடுங்கள். "மூன்றுதரம் மாத்தினனான், இன்னும் வெள்ளை" என்று வருகிற இந்த வகைப் பைக்குகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

வடித்த வெள்ளை ஒயிலைக் கிணற்றடியிலோ வேலியடியிலோ ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர நாள் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

வெள்ளத்தில் நின்றுவிட்டது, அல்லது கடல்நீர் பட்டது

பைக் வெள்ளத்தில் நின்றால் ஸ்டார்ட்டரை அழுத்தவே வேண்டாம். எயார் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்ரிங் றொட்தான் வளையும். தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பற்றரி வயரைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். பிளக் துளையால் தண்ணீர் பீச்சினால் சிலிண்டர் நனைந்திருக்கிறது. றிங்கைத் தாண்டி ஒயிலுக்கும் போயிருக்கும். துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, மேலே சொன்ன கழுவும் முறைக்குப் போங்கள். எயார் பில்டர் பெட்டியையும் காயவைக்க வேண்டும்; 2008 நிஷா புயல் போல வீட்டுக்குள்ளேயே வெள்ளம் ஏறிய நாட்களில் நனைந்த பைக்குக்கு இந்த முறையில் ஒன்றையும் குறைக்க வழியில்லை.

மழைவெள்ளம் என்றால் மறுநாள் வரை பொறுக்கலாம். உப்புத் தண்ணீர் என்றால் பொறுக்க முடியாது. அராலி, கல்லுண்டாய், காக்கைதீவுப் பக்கம் வீதியோரம் நிற்கும் வெள்ளத்தில் களப்பு நீர் கலந்திருக்கலாம். குறிகட்டுவானில் படகில் ஏற்றி இறக்கும்போது அலை அடித்த பைக்கும் இந்தக் கணக்குத்தான். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், தண்ணீர் காய்ந்தபின் சைலன்சரில் வெள்ளைப் பூச்சுப் படிந்தால் உப்பாக இருக்கலாம். ஒயில் வெளுத்திருந்தால் அன்றிரவே வடித்து, மலிவான ஒயிலாவது ஊற்றி, கிக்கரால் சுற்றிவிட்டுத்தான் படுக்கப் போகவேண்டும். கழுவுதலும் மூன்றில் நிற்காமல் நான்காகட்டும்.

ஒயில் மட்டம் தானாக ஏறுகிறது

ஊற்றாமலே மட்டம் ஏறினால் தண்ணீராக மட்டும் இருக்கவேண்டியதில்லை. நிறம் வெளுக்காமல், மெலிந்து, பெற்றோல் மணம் அடித்தால் கார்பரேற்றர் ஊசி கசிகிறது. இரவில் பெற்றோல் ரப்பை மூடாததால் சிலிண்டர் வழியாக இறங்கியிருக்கிறது. ஊசியை மாற்றி, ஒயிலையும் மாற்றுங்கள். பெற்றோலோடு தண்ணீர் கலந்து வந்தால் அது கார்பரேற்றர்ச் சட்டியில் தங்கி எஞ்சினை நிறுத்தும், ஒயிலை வெளுக்க வைக்காது. இரண்டையும் குழப்பவேண்டாம்.

ரேடியேற்றர் உள்ள பைக்: தண்ணீர் குறைகிறது, ஒயில் வெளுக்கிறது

இங்கே வழி இரண்டு: ஹெட் கஸ்கட், அல்லது வோட்டர் பம்ப் சீல். பம்பை முதலில் பாருங்கள், அதுதான் மலிவு. பம்புக்கு அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். பம்பின் தண்டில் தண்ணீர்ப் பக்கத்துக்கு ஒரு சீல், ஒயில் பக்கத்துக்கு ஒரு சீல். இரண்டுக்கும் நடுவிலிருந்து வெளியே வருவதுதான் அந்தத் துளை. கூலன்ற் ஒழுகினால் தண்ணீர்ச் சீல் போய்விட்டது. ஒயில் ஒழுகினால் ஒயில் சீல். ஒன்றுமே ஒழுகாமல் ஒயில் வெளுத்தால், மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். சேறோ பெயின்ற்றோ அடைத்திருந்தால், வெளியேறவேண்டிய தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கும்.

பம்ப் நன்றாக இருந்தால், எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். குமிழி தொடர்ந்து கிளம்பி வந்தால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது.

கூலன்ற் கலந்த ஒயிலை நீண்ட ஓட்டத்தால் காயவைக்க முடியாது. தண்ணீர் ஆவியானாலும் கூலன்ற்றில் உள்ள கிளைக்கோல் தங்கிப் பசையாகும். இனிப்பு மணம் வந்தால் கிளைக்கோல்தான். மணம் வராததை வைத்து இல்லை என்று முடிவெடுக்கவும் கூடாது, ஏனென்றால் பலர் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். அதனால்தான் சீலே போகிறது: எங்கள் சுண்ணக்கல் நீரின் உவர் பம்புத் தண்டில் படிந்து சீலின் முகத்தை அரைக்கும். சீல் மாற்றியபின் கூலன்ற்றோ, காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலன்ற்றோ தவிர வேறொன்றும் விடாதீர்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கிளச் வழுக்குகிறது, அல்லது ஒட்டுகிறது

கேபிளை முதலில் பாருங்கள். கிளச் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்கவேண்டும். அது சரியாக இருந்து, கழுவிய பின்னும் வழுக்கினால் பிளேற்றுகளை வெளியே எடுங்கள். மேற்படலம் நகத்தால் சுரண்ட உரிந்து வந்தால் புதிது போடுங்கள். உரியாவிட்டால் சுத்தம் செய்து, இரவு முழுக்கப் புது ஒயிலில் ஊறவைத்துத் திரும்பப் போடலாம். காலையில் முதல் கியர் போட்டதும் பைக் பாய்ந்தால் பிளேற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. நடுவில் உள்ள இரும்புத் தட்டுகளில் துருவளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கூட்டி: பின்சில்லுப் பக்கம் ஊளைச் சத்தம்

ஸ்கூட்டிக்கு எஞ்சின் ஒயில் வேறு, பின்சில்லுக் கியர் ஒயில் வேறு. இரண்டாவதை மாற்றவேண்டும் என்றே பலருக்குத் தெரியாது. அளவு பெரும்பாலும் 100 மில்லிலீற்றரை ஒட்டித்தான் வரும். அதில் 5 மில்லிலீற்றர் தண்ணீர் புகுந்தால் நூற்றுக்கு ஐந்து. அதே 5 மில்லிலீற்றர் பெரிய எஞ்சினில் நூற்றுக்கு அரைதான். அதோடு கியர்ப்பெட்டி சில்லு மட்டத்தில் இருக்கிறது, முழங்கால் வெள்ளத்தில் முழுக்க மூழ்கிவிடும். சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்து பிறீதரால் உறிஞ்சும்.

முழங்கால் வெள்ளத்தால் ஓடிய ஸ்கூட்டியில், சத்தம் வரும்வரை காத்திராமல் கீழ்ப் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் வடித்து, கையேட்டில் போட்ட ஒயிலைச் சிரிஞ்சால் அளந்து ஏற்றி, பத்துக் கிலோமீற்றர் ஓடி, திரும்ப வடித்து ஏற்றுங்கள். இவ்வளவு சிறிய அளவுக்கு இரண்டு முறை செய்வது பெரிய செலவில்லை. வடித்ததில் துருநிறமோ மினுக்கமான இரும்புத் தூளோ தெரிந்தால், ஊளை பெயரிங்கிலிருந்துதான் வருகிறது. ஒயில் அதை ஆற்றாது. பெல்ட் இருக்கும் இடப்பக்கக் கவரையும் திறந்து துடையுங்கள்.

எல்லாம் செய்தும் திரும்ப வெளுக்கிறது

வழியைக் கண்டுபிடிக்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும். பிறீதர் குழாயைப் பெட்டியிலிருந்து கழற்றி, சுத்தமான குழாய்த்துண்டு ஒன்றைப் பொருத்தி, ஒருவர் வாயால் மெதுவாக ஊத, மற்றவர் மூடி, கிளச் கைச் சீல், சுவிச், கஸ்கட் விளிம்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் பொருந்தும் இடம் எல்லாவற்றிலும் நுரையைப் பூச வேண்டும். குமிழி கிளம்பும் இடம்தான் தண்ணீர் புகும் இடம். கொம்பிறசரால் ஊதினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும், வாயால் ஊதுவதே போதும்.

அந்தச் சீலை மாற்றிய பிறகு 50 கிலோமீற்றரில் ஒருமுறை, 300 கிலோமீற்றரில் ஒருமுறை, இரவு நிறுத்திய பைக்கில் அதே முதல் 50 மில்லிலீற்றரைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் தெளிவாக வந்தால் கழுவும் ஒயிலை வடித்துவிட்டு, வழமையாக ஊற்றும் நல்ல ஒயிலை அப்போது ஊற்றலாம்.